எழும்பி நிற்கிறவனுக்கு ஒரு துணை

எங்கள் அத்தான் ஒரு தடவை ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்ல மனதோடுதான்.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபைக் கோயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் கல்யாண அறிக்கை வாசித்தார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை உண்டானால் சபையில் சொல்ல வேண்டும் என்று வாசித்துவிட்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. போதகர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கிறார். என் பக்கத்தில் இருந்த அத்தான் நெளிந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேட்டியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் எழும்பிவிட்டார்.

பெண்ணின் அம்மா "எனக்க கர்த்தாவே" என்று பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். அறிக்கை வாசித்து ஒருத்தர் எழும்பினதைப் போதகர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். தாளை மடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன தடை?"

"தடையா? ஒரு தடையும் இல்ல ஐயா," என்றார் அத்தான். "நான் ஆமோதிக்கியேன்."

பெண்ணின் அம்மாவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு தொடங்கியது. போதகரும் சிரித்துவிட்டார். அக்கா மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அத்தானை முறைத்தாள். வீட்டுக்கு வந்து, "நீங்க யாரு, கல்யாணத்த ஆமோதிக்கியதுக்கு?" என்று கேட்டாள்.

"அவரு தனியா நிக்கியாரே பிள்ளே," என்றார் அத்தான்.

அவ்வளவுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நான் சொல்லாமல் இருக்க முடியாது. போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். வீட்டில் அவர் பேச்சை எடுத்தால் அக்கா அழுகிறாள், எடுக்காவிட்டாலும் அழுகிறாள். அதனால் இங்கே சொல்கிறேன்.

அத்தானுக்கு வாழைக்குலை வியாபாரம். கிழக்கே ஒற்றசேகரமங்கலம் மலையடிவாரத்தில் குலை எடுத்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் பின்னாலும் கட்டி, பாறசாலைச் சந்தைக்குக் கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் சைக்கிள் தெரியாது, ஆள் தெரியாது. ஒரு வாழைத்தோட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு வருவதுபோல இருக்கும். என்ன வியாபாரம் இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகம் கழுவி, தலையில் எண்ணெய் தேய்த்து, சங்கத்துக்குப் புறப்பட்டுவிடுவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "வா மச்சினா. நாடு நம்மள எதிர்பாத்து நிக்கி."

சங்கம் என்றால் எங்கள் ஊர் சேவா சங்கம். இடம், சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கொப்பரைக் கொட்டகை. உள்ளே போனால் எண்ணெய் வாடை. தமிழ் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், சபைக்காரர்கள், இந்துக்கள் எல்லாரும் உண்டு. வாரத்துக்கு ஒரு கூட்டம், அதில் தீர்மானித்த ஒரு வேலை. குளத்தில் பாசி வாருவோம், பள்ளிக்கூடத்துக்கு ஓலை மேய்வோம், மழையில் உடைந்த வரப்பைக் கட்டுவோம். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கசேரை, நாற்காலிதான். நடக்க முடியாத நோயாளியை உட்கார வைத்து, இரண்டு மூங்கில் கம்பு கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற கசேரை. அது கோயிலில் பழசானது. மூங்கில் கேசவன் சேட்டன் தோட்டத்தில் வெட்டியது.

கேசவன் சேட்டன் சாயாக்கடைக்காரர், மலையாளி, சங்கத்துச் செயலாளர். அவரோடு எப்போதும் சண்டை போடுகிறவர் தங்கய்யன் அண்ணன். தமிழ்க்காரர், கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கம் வயல் உண்டு. இந்த இரண்டு பேரும் ஒரே கம்பின் முன்னும் பின்னும். மற்றக் கம்பு எனக்கும் அத்தானுக்கும். நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். நடுவில் இருக்கிற நோயாளி, தலைவலி என்று ஏறினவர்கூட, காதைப் பொத்திக்கொண்டு இறங்குவார்.

தலைவர் உபதேசியார். சபை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கண் புகைந்துபோய் ஆள் உருவம் மட்டும்தான் தெரியும். கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிவிடுவார். சங்கத்துக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். சபைக் கமிட்டியில் எப்படியோ அப்படியே இங்கேயும். ஒருவர் தீர்மானம் கொண்டு வந்தால் இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். ஆமோதிக்க ஆள் இல்லையானால் தீர்மானம் விழுந்துபோகும். கொண்டு வந்தவர் எழும்பி நிற்க வேண்டும். ஆமோதிக்கிறவர் எழும்புகிற வரைக்கும் இருக்கக் கூடாது, அதாவது உட்காரக் கூடாது. கடைசியில் எல்லாரும் எழும்ப வேண்டும், உபதேசியார் ஆசீர்வாத ஜெபம் சொல்லுவார். இந்துக்களும் மரியாதைக்கு எழும்பி நிற்பார்கள். கேசவன் சேட்டன் சில நாள் தெரியாமல் ஆமெனும் சொல்லிவிடுவார். ஆமென் சொல்லியாச்சென்றால் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் அது வெறும் பேச்சு.

அத்தான் சேர்ந்த புதிதில் ஒரு பனையேறி எழும்பி, பனங்காட்டு வழியில் முள் வெட்ட வேண்டும் என்று கேட்டாராம். யாரும் ஆமோதிக்கவில்லை. அவர் நின்றார். காது சிவக்க நின்றார். வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். அத்தானுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழும்பிவிட்டார். அன்றைக்குத் தொடங்கினது.

"நிக்கியவனப் பாத்தா எனக்கு முட்டு வலிக்கும் மக்கா," என்பார் என்னிடம்.

பிறகு யார் எழும்பினாலும் அத்தான் எழும்புவார். விஷயம் என்னவென்று கேட்பதுகூட இல்லை. குளத்தைக் கிழக்குக் கரையிலிருந்து வார வேண்டும் என்று தங்கய்யன் அண்ணன் எழும்பினார். அத்தான் ஆமோதித்தார். மேற்கிலிருந்து வார வேண்டும் என்று கேசவன் சேட்டன் எழும்பினார். அதையும் ஆமோதித்தார். "எலே, ரெண்டையும் எப்பிடிடே?" என்று தங்கய்யன் அண்ணன் கத்தினார். "ரெண்டு பேரும் நிக்கியளே," என்றார் அத்தான். கடைசியில் இரண்டு கரையிலிருந்தும் வாரினோம். நடுக்குளத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று சேறு எறிந்து, கரைக்கு வந்தபோது யார் தமிழ், யார் மலையாளம் என்று அவரவர் அம்மாவுக்கே தெரியாது.

வேலைக்கு வராத ஆளை ஒரு மாசம் சங்கத்திலிருந்து வெளியே வைக்க வேண்டும் என்று கேசவன் சேட்டன் ஒரு தரம் தீர்மானம் கொண்டு வந்தார். அந்த வாரம் வேலைக்கு வராத ஒரே ஆள் அத்தான்தான். குலை எடுக்கப் போயிருந்தார். தீர்மானம் அவரைப் பார்த்துத்தான் என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். எழும்பி ஆமோதித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றார். உள்ளே யாரோ எழும்பி, பள்ளிக்கூடத்துக் கிணற்றை இறைக்க வேண்டும் என்றார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆமோதிக்கிறது என்பது அதற்குள் அத்தானுடைய வேலை என்று ஆகிவிட்டது. மற்ற யாருக்கும் எழும்ப வேண்டும் என்ற நினைப்பே வராது. வாசல் பெருக்குகிற ஆள் இருக்கும்போது நாம் துடைப்பத்தை எடுப்போமா? அப்படி.

ஜன்னல் வழியாகத் தலை மட்டும் உள்ளே வந்தது. "நான் ஆமோதிக்கியேன்."

"புறத்தாக்கிய ஆளு மிண்டான் பாடில்லா!" என்றார் கேசவன் சேட்டன். வெளியே வைத்த ஆள் பேசக் கூடாது என்கிறார்.

"அப்பம் வேற யாராவது எழும்பச் சொல்லும். அவரு நிக்கியாருல்லா?"

யாரும் எழும்பவில்லை. கேசவன் சேட்டன் தலையில் அடித்துக்கொண்டு, "அகத்து வா, மனுஷ்யா," என்றார். அத்தான் சுற்றி வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகவே ஏறி உள்ளே குதித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தவருக்கு ஒரே ஒரு பயம் உண்டு. சங்கம் இரண்டாகிவிடக் கூடாது. அதற்குக் காரணம் அக்கா. முதல் பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்றைக்குக் கசேரையில் அக்காவை நாங்கள் நாலு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் தங்கய்யன் அண்ணனும் கேசவன் சேட்டனும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அதைப் பார்த்துத்தான் அத்தானுக்குப் பயம் வந்ததாம். "அவனுவ சண்ட போடாம வாறானுவ. எனக்க பெண்டாட்டி செத்துப் போவா போல இருக்கு," என்று என் காதில் சொன்னார். அக்கா பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. இப்போது என் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கிறது.

அதற்குப் பிறகு யாராவது, நமக்கு நாமே தனியாகச் சங்கம் வைத்தால் என்ன என்று பேச்செடுத்தால், அத்தான் சிரிப்பை நிறுத்திவிடுவார். "ரெண்டு தோளுல கசேர போவாது," என்பார்.

அப்புறம்தான் எங்கள் ஊர் எந்த மாநிலத்துக்கு என்கிற எல்லைப் போராட்டம் முறுகினது. நாங்கள் தமிழ் நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம். இது எங்கள் மண், விட மாட்டோம் என்று மறு பக்கம். போலீஸ், தடி, ஜெயில். சந்தையில் வெற்றிலை விற்கிற கிழவிகூட, எந்தப் பாஷையில் விலை கேட்கிறோம் என்று பார்த்துத்தான் முகத்தைக் காட்டுவாள்.

சங்கத்துக்கும் வந்தது. வாசலில் தமிழில் போர்டு வைக்க வேண்டும் என்று தங்கய்யன் அண்ணன் எழும்பினார். மலையாளத்தில் வைக்க வேண்டும் என்று கேசவன் சேட்டன் எழும்பினார். அத்தான் இரண்டு தரம் எழும்பினார். இரண்டு போர்டும் வந்தது. கொட்டகை வாசல் சின்னது. இரண்டு போர்டையும் மாட்டினால், குனியாமல் உள்ளே போக முடியாது. கொஞ்ச நாள் எல்லாரும் இரண்டு பாஷைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தோம்.

நாலு பேருக்கு மேல் சேர்ந்து ரோட்டில் போகக் கூடாது என்று போலீஸ் உத்தரவு வந்த சமயம். காரோடு ஊர் மீன்கார அப்பச்சன் ஒருவரை, காலில் நீர் கோத்து வீங்கினவரை, தூக்கிக்கொண்டு போனோம். ஒரு போலீஸ்காரர் மறித்தார். எண்ணினார். அஞ்சு.

"சாரே, முகளில் இரிக்குந்நது ஆளல்ல, பாரமாணு," என்றார் கேசவன் சேட்டன். மேலே இருப்பது ஆள் இல்லை, சுமை.

"யாருடே சும?" என்று மேலிருந்து அப்பச்சன் கத்தினார். "சார், எனக்க காலு தரையில தொடல்ல. நான் ரோட்டுல போவல்ல. ரோட்டுக்கு மேல போறேனாக்கும்."

"அதெல்லாம் வேண்டா. ஒராள் மாறணம்," என்றார் போலீஸ்காரர். ஒருத்தர் விலக வேண்டும் என்கிறார். தனியாகத்தான் நின்றார் பாவம், வெயிலில்.

"சார் சொல்லியது சரியாக்கும். நான் ஆமோதிக்கியேன்," என்று அத்தான் கம்பிலிருந்து தோளை எடுத்துவிட்டார். கசேரை சாய்ந்தது. அப்பச்சன் "எலே கொல்லாதீங்கலே!" என்று அலறினார். விழப் போன கம்பைப் பாய்ந்து பிடித்தவர் அந்தப் போலீஸ்காரர்தான். பிடித்தது பிடித்தபடி தோளில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரரைக் கூட்டத்தில் எண்ண முடியாதே! வளைவு வரைக்கும் அவர் தூக்கினார். அத்தான், சம்பந்தமே இல்லாத ஆள்போல, தூரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

சிரிப்பெல்லாம் அதோடு குறைந்தது. ஒரு ஊர்வலத்தில் தங்கய்யன் அண்ணனுக்குத் தோளில் தடியடி விழுந்தது. கம்பு தூக்குகிற தோள். வீங்கிப்போய், கையை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். வாசலில் மலையாளப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள். அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்களோ என்னவோ, அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

உள்ளே வந்து உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னார்.

"தலைவர் ஐயா, இவனுவகூட இனி எனக்கு ஒரு கூரைக்குக் கீழ இருக்க முடியாது. சங்கம் ரெண்டாப் பிரியணும். கசேர சபைக்குள்ளது, அது எங்களுக்கு. கம்பு அவனுவளுக்குள்ளது, அவனுவ கொண்டு போட்டும். இது தீர்மானம்."

"போகணமெங்கில் போட்டே," என்றார் கேசவன் சேட்டன், போகிறதென்றால் போகட்டும் என்று. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

தங்கய்யன் அண்ணன் பக்கம் ஆள் அதிகம். கையை எண்ணினால் தீர்மானம் ஜெயித்துவிடும். ஒருத்தர் ஆமோதித்தால் போதும். எல்லாருடைய கண்ணும் அத்தான் மேல்.

அத்தான் எழும்பவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்தார்.

தங்கய்யன் அண்ணன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "எவனாவது எழும்புங்கலே!" என்றார்.

"அது அவருக்க ஜோலியில்லியா அண்ணே," என்றான் ஒருத்தன், அத்தானைக் காட்டி. உண்மையாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மற்றவர்களும் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது எழும்புவார், இப்போது எழும்புவார் என்று.

"ஓய், எழும்பும்வே!" என்றார் தங்கய்யன் அண்ணன் அத்தானிடம்.

"எனக்கு மேலாது தங்கய்யா, என்னால முடியாது."

"குளத்துக்கு எழும்புனீரு. போர்டுக்கு எழும்புனீரு. உம்மள வெளிய தள்ளியதுக்கே எழும்புனீரு. எனக்கு எழும்ப மாட்டீரோ?"

அத்தானுக்கு வேர்த்துவிட்டது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து முட்டைத் தேய்த்துக்கொண்டார். தங்கய்யன் அண்ணனுக்குக் கட்டின கை வலிக்கிறது, முகத்தில் தெரிகிறது, ஆனால் சட்டப்படி இருக்க முடியாது. அத்தான் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று.

எழும்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொலைந்தது சங்கம் என்று நினைத்தேன். அவர் நடந்து போய்த் தங்கய்யன் அண்ணன் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றார்.

"ஆமோதிக்கியீரா?" என்றார் தங்கய்யன் அண்ணன்.

"இல்ல."

"பின்ன எதுக்கு எழும்புனீரு?"

"நீரு நிக்கியீரே. சும்மா கூட நிக்கியேன்."

"ஆமோதிக்காம நிக்கப்படாதுவே!"

"அப்பிடி எங்க எழுதியிருக்கு?"

கேசவன் சேட்டன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தோன்றியதோ, அவரும் எழும்பினார். "எந்நால் ஞானும் நில்க்காம்," என்றார். அவர் எழும்பினதும் மலையாளப் பக்கம் எழும்பியது. அவர்கள் எழும்பினால் நாம் மட்டும் இருப்பதா என்று தமிழ்ப் பக்கம் எழும்பியது. நானும் எழும்பினேன். பெஞ்சுகள் எல்லாம் ஒரேயடியாகக் கிறீச்சென்றது.

அந்தச் சத்தத்தில் உபதேசியார் விழித்துக்கொண்டார். புகைந்த கண்ணால் பார்த்தார். எல்லா உருவமும் நிற்கிறது. எல்லாரும் நின்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். தடியை ஊன்றி எழும்பி, கையை உயர்த்தி, அருமையான குரலில் ஆசீர்வாதத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஐயா! ஐயா, தீர்மானம்..." என்றார் தங்கய்யன் அண்ணன். ஜெபத்தின் நடுவில் சபைக்காரன் எவன் பேசுவான்? அவரே கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமென்," என்றது சங்கம். எல்லாரையும்விடச் சத்தமாகக் கேசவன் சேட்டன்.

முடிந்தது. கூட்டம் முடிந்துவிட்டது. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கொட்டகைக் கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்துபோகிற அளவுக்குச் சிரித்தோம். தங்கய்யன் அண்ணன் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்து, அடக்க முடியாமல், "தோளு வலிக்குதுலே, சிரிக்க வைக்காதீங்கலே," என்று திட்டிக்கொண்டே வெளியே போனார்.

"அடுத்த சனியாழ்ச்ச திருப்பியும் எழும்புவேன்," என்று வாசலில் திரும்பிச் சொன்னார்.

"எழும்பும். நானும் எழும்புவேன்," என்றார் அத்தான்.

அப்படியே நடந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் எழும்பினார், அத்தான் போய்ப் பக்கத்தில் சும்மா நின்றார், பிறகு கேசவன் சேட்டன், பிறகு எல்லாரும், ஆசீர்வாதம், ஆமென். அதற்கடுத்த சனிக்கிழமையும். அது சங்கத்து நடவடிக்கையில் ஒன்றாகவே ஆகிவிட்டது. மற்ற வேலையெல்லாம் பேசி முடித்தபிறகு கடைசியாகப் பிரிவினைத் தீர்மானம். வேலை இருக்கிறவர்கள், "தங்கய்யன் அண்ணே, கொஞ்சம் பெட்டெண்ணு எழும்பும், வீட்டுக்குப் போவணும்," என்று அவசரப்படுத்துவார்கள். அவர் உண்மையான கோபத்தோடுதான் எழும்புவார். அந்தக் கோபம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தோள் வீக்கம் வடிந்தது, கோபம் வடியவில்லை. ஆனால் கசேரைக்கு ஆள் வந்தால், நல்ல தோளை மாற்றிக் கொடுத்துக் கம்பைத் தூக்குவார்.

மழைக்காலத்தில் அத்தானுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அவர் கண்ணாடியை வாங்கிக் கண்ணைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாப் பழுத்துப்போச்சு மச்சினா," என்றார். "இன்னும் ரெண்டு நாள் வச்சா சரக்கு கெட்டுப்போவும். சந்தைக்கு எடுத்துருங்க."

அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய் அழுதாள்.

அவரைக் கசேரையில் ஏற்றினோம். அவர் கம்புக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. சங்கத்து வாசல் போர்டு எழுதின பையன் வந்தான். மழை. தங்கய்யன் அண்ணனும் கேசவன் சேட்டனும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். மேலே இருந்து அத்தான், "எலே, சண்ட போடுங்கலே. எனக்குப் பயமாட்டு இருக்கு," என்றார். கேசவன் சேட்டன் உடனே, "நிங்ஙளுடெ தமிழ் நாடு..." என்று ஏதோ தொடங்கினார். தங்கய்யன் அண்ணன், "ஓய், உங்க திருவனந்தபுரம்..." என்று தொடங்கினார். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டு, கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவர் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் நான் சங்கத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்காதான், "போ. அங்க ஆளு கொறவாட்டு இருக்கும்," என்று தள்ளிவிட்டாள். போனேன். அத்தான் வழக்கமாக உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். குளத்துப் படிக்கட்டைப் பற்றி ஒருத்தர் எழும்பினார். ஆமோதிக்க யாரும் இல்லாமல் நின்றார். பிறகு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழும்பி ஒருவரை ஒருவர் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் தங்கய்யன் அண்ணன் எழும்பினார்.

"தலைவர் ஐயா, சங்கம் ரெண்டாப் பிரியணும்." மற்றதை வழக்கம்போலச் சொல்லவில்லை. அவ்வளவோடு நின்றார்.

அன்றைக்கு அந்தத் தீர்மானத்தைத் தடுக்க யாரும் இல்லை. நான் எழும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அத்தானுடைய காலி இடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டேன். கேசவன் சேட்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பக்கத்தில் ஒரு புதுப் பையன், சூடான ஆள், முட்டில் கை ஊன்றி எழும்பப் பார்த்தான். ஆமோதிக்கத்தான்.

தங்கய்யன் அண்ணன், அத்தான் வந்து நிற்கிற இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தோளை லேசாகத் தேய்த்துக்கொண்டார்.

"நீ இரிலே," என்றார் அந்தப் பையனிடம்.

அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஆமோதிக்க ஒருவரும் எழும்பாமலே, தங்கய்யன் அண்ணனும் உட்கார்ந்துவிட்டார். எங்கள் சங்கத்தில் இதற்கு முன் ஒருத்தரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

பெஞ்சுச் சத்தத்தில் உபதேசியார் விழித்தார். "யாரோ எழும்புன மாதிரி இருந்துதே? யாரு தீர்மானம்?"

"யாரும் எழும்பல்ல ஐயா," என்றார் தங்கய்யன் அண்ணன். "நான் எழும்பவே இல்ல."

உபதேசியார் செயலாளர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஞானும் கண்டில்லா," என்றார் கேசவன் சேட்டன்.